பழைய ஆஸ்பத்திரியின் பின்பக்கம்

பட்டன் அக்காவுக்குக் கட்டடங்களைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. வளைவு எது, வாசல் எது என்று கேட்டால் முழிப்பாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பட்டன், ஜிப், நூல்கண்டு, லைனிங் துணி, கொக்கி. கடைத்தெரு முனையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சுவிட இடமில்லாத கடை அவளுடையது. ஊரில் பாதிப்பேர் அவளைப் பட்டன் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகியிருந்ததால் சொந்தப் பெயர் ரேஷன் கடையிலும் வங்கியிலும்தான் செல்லுபடியானது.

அப்படிப்பட்டவள், பழைய பிரசவ ஆஸ்பத்திரியை இடிக்கக் கூடாது என்று கூடிய கூட்டத்தில் முதல் ஆளாகக் கையைத் தூக்கியதும் கூட்டத்தைக் கூட்டிய மருந்துக்கடைக்காரருக்கே ஆச்சரியம். வாடிக்கையாளர் வந்தால் பேரம் பேசுவாளே தவிர, பொதுக்காரியம் என்று எந்தப் பக்கமும் தலைவைத்துப் படுக்காதவள் அவள்.

நெடுஞ்சாலை ஓரம் புது ஆஸ்பத்திரி வந்ததிலிருந்து பழையது பூட்டிக் கிடந்தது. சன்னல் கதவுகளை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மேல்தளத்தில் செடி முளைத்து, அது மரமாகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. நகராட்சி இடிக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டியபோதுதான், வெளியூரில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்த இன்ஜினியர் பெண் ஒருத்தி போய்ப் பார்த்துவிட்டு வந்து, நூறு வருஷத்துக்கு மேலான கட்டடம், இந்த முகப்பை இனிமேல் யாராலும் கட்ட முடியாது என்று வீடு வீடாகச் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் அங்கே பிறந்தவர். ஊரில் முப்பது வயது தாண்டிய எல்லோருமே அங்கே பிறந்தவர்கள்தான். அவர் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நகராட்சித் தலைவரைப் பார்த்தார். சீரமைக்கிற செலவில் பாதியை ஊர் மக்கள் திரட்டினால் மீதியை நகராட்சி போடும், வருஷக் கடைசிக்குள் திரட்டாவிட்டால் புல்டோசர்தான் என்று முடிவானது. இடத்தைப் பற்றிய எந்த ஏற்பாடும் குழுவின் கையெழுத்தோடு நடக்கும் என்றும் எழுதிக் கொடுத்தார்கள்.

வசூலுக்கு யார் போவது என்றபோது எல்லோரும் நகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பட்டன் அக்கா, "நான் போறேன்" என்றாள்.

போனாள் என்றால் சும்மா போகவில்லை. பிற்பகல் வெயிலில் கடையைச் சாத்திவிட்டு, ஒரு உண்டியலை இடுப்பில் குழந்தையைப்போல் இடுக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். பாத்திரக்கடை, பேக்கரி, சலூன், பஸ் ஸ்டாண்ட், வக்கீல் ஆபீஸ் எதையும் விடவில்லை. "இல்லன்னு சொல்லுங்க, போயிடறேன். நாளைக்கு வான்னு மட்டும் சொல்லாதீங்க. சொன்னா நிஜமாவே வந்துடுவேன்" என்பாள். நிஜமாகவே வந்துவிடுவாள். அவள் தலை தெரு முனையில் தெரிந்ததும் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசுகிறவர்கள் அதிகமானார்கள். சலூன்காரர் ஒருநாள், "எங்கம்மா என்னைப் பெத்ததுக்கு நான் எதுக்கு அக்கா கட்டடத்துக்குக் கூலி குடுக்கணும்?" என்றார். "உன்னை வெளிய விட்டதுக்கு அது இத்தனை வருஷம் அபராதம் கட்டிட்டு இடிஞ்சு கிடக்குது. நீ குடு" என்றாள். நாற்காலியில் அரைமுகச் சவரத்தோடு உட்கார்ந்திருந்தவர் சிரித்து, அவரே முதலில் பணத்தை எடுத்தார்.

எதற்காக இவ்வளவு பாடுபடுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

அவளுக்குக் கல்யாணமான புதிதில் அந்த ஆஸ்பத்திரியில்தான் முதல் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அழவில்லை. நர்ஸ் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், ஓடினாள், டாக்டரைக் கூட்டிவந்தாள். அதற்குள் இவளுக்கு மயக்கம். கண் விழித்தபோது பக்கத்தில் தொட்டில் இல்லை. ஆயாம்மா ஒருத்தி வந்து வெந்நீரில் துணியை நனைத்து முகத்தைத் துடைத்துவிட்டு, "பின்னாடி செவுத்தோரமா நல்ல இடமா பாத்து வச்சாச்சு தாயி. கவலைப்படாத" என்றாள். அவ்வளவுதான். முகத்தைக்கூட அவளுக்கு யாரும் காட்டவில்லை. காட்டினால் தாங்க மாட்டாள் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடுத்தது பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள் மாமியார். அடுத்தது பிறந்தான், வளர்ந்தான், படித்தான், வேலைக்கு வெளியூர் போனான். எதுவும் சரியாகவில்லை. மோட்டார் காயில் சுற்றும் பட்டறை வைத்திருந்த அவள் கணவர் இயல்பிலேயே பேச்சு குறைந்தவர். அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய் எதையாவது துடைக்க ஆரம்பித்துவிடுவார். அவளும் எடுப்பதை விட்டுவிட்டாள்.

ஆனால் மொத்தக் கடையிலிருந்து சரக்கு எடுத்துக்கொண்டு திரும்பும்போது நேர்வழியில் வரமாட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போகும் சந்தில் வண்டியை விடச் சொல்லுவாள். மதில் சுவர் ஒரு இடத்தில் இடிந்திருக்கும். அதன் வழியே புதரும் உடைந்த கட்டில்களும் கொஞ்சம் மண்ணும் தெரியும். ஆட்டோக்காரரிடம், "மெதுவா போப்பா, பட்டன் டப்பா சரிஞ்சுடும்" என்பாள். அவள் மகளைப் பார்த்துவிட்டு வருவது அவ்வளவுதான்.

மழைக்காலம் வந்தது. கிழக்குப் பக்கக் கூரையில் ஒரு பகுதி உள்ளே விழுந்தது. விழுந்த செய்தி பரவியதும், விழுகிற கட்டடத்துக்கு எதற்குப் பணம் என்று ஆட்கள் கையைச் சுருக்கிக்கொண்டார்கள். திரண்டிருந்த தொகை தேவையில் பாதிக்குப் பாதிகூட இல்லை. அந்த நிலையில் மருந்துக்கடைக்காரர் கடை மாடியில் குழுவைக் கூட்டினார். முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது.

"கடவுளாப் பாத்து ஒரு வழி விட்டுருக்காரு" என்றார். "பின்பக்கம் வெறும் நிலமா கிடக்குதுல்ல, அதை ஒரு கம்பெனி கேக்குது. கடைங்களும் அடியில வண்டி நிறுத்தற இடமும் கட்டப் போறாங்களாம். அவங்க தர்ற பணத்துல முன்பக்கம் முழுசையும் சரி பண்ணிடலாம். நகராட்சிக்கும் சம்மதம். இனிமே யார்கிட்டயும் கையேந்த வேண்டாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். இன்ஜினியர் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். "உண்டியலுக்கு ஓய்வு குடுத்துடலாம் அக்கா" என்று சிரித்தபடி பட்டன் அக்காவின் தோளைத் தொட்டாள்.

பட்டன் அக்கா தோளை விலக்கிக்கொண்டாள். "பின்பக்கம் வேணாம்" என்றாள்.

"ஏன் தங்கச்சி?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அங்க தண்ணி நிக்கும்."

"வடிகால் போட்டுக்குவாங்க அக்கா. அடித்தளத்துக்கு எப்படியும் ஆழமாத் தோண்டுவாங்க" என்றாள் இன்ஜினியர் பெண். உதவியாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

தோண்டுவார்கள் என்ற சொல்லைக் கேட்டதும் பட்டன் அக்கா எழுந்துவிட்டாள். "மீதிப் பணத்தை நான் கொண்டாறேன். எனக்குக் கொஞ்சம் அவகாசம் குடுங்க" என்றாள். எங்கிருந்து என்று யாரோ கேட்டார்கள். மருந்துக்கடைக்காரர் அவளை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, "மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல நகராட்சி காத்திருக்காது" என்றார்.

அன்றிலிருந்து அவள் கடையைத் திறக்கவேயில்லை. தையல்காரர்கள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனார்கள். அவள் உண்டியலோடு அலைந்தாள். ஆனால் நிலத்தைக் கம்பெனி வாங்கப்போகிற சேதி அவளுக்கு முன்னால் ஓடிப் போயிருந்தது. முன்பு தந்தவர்கள்கூட இப்போது தரவில்லை. பேக்கரிக்காரர், "அதான் வழி பொறந்துடுச்சாமே, இன்னும் எதுக்கு?" என்றார். பாத்திரக்கடைக்காரர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அவர் கண்ணில் சந்தேகம் இருந்தது. வசூலில் ருசி கண்டுவிட்டாள் என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு கிளம்பி அவள் காதுக்கே வந்தது.

கடைசி நம்பிக்கையாக மாவு மில் முதலாளியைப் பார்க்கப் போனாள். ஊரில் பெரிய கை. வெளி அறையில் வெகுநேரம் உட்காரவைத்தார்கள். மில் ஓடுகிற அதிர்வில் நாற்காலி நடுங்கியது. உள்ளே கூப்பிட்டபோது அவர் மரியாதையாகவே பேசினார்.

"நிலத்தைக் குடுத்தா முடிஞ்சு போற விஷயம்மா இது. அதுக்கு என் பணம் எதுக்கு?"

"அந்த நிலம் போகக் கூடாதுங்க."

"ஏன்னு சொல்லுங்க. நியாயமா இருந்தா நானே முழுசாத் தரேன்."

வாயைத் திறந்தாள். இத்தனை வருஷம் சொந்தப் புருஷனிடம்கூடப் பேச முடியாததை, கணக்குப்பிள்ளையும் டிரைவரும் நிற்கும்போது ஒரு மாவு மில்லில் எப்படிச் சொல்வது? "அது நல்ல இடம்ங்க" என்றாள். அவர் பரிதாபமாகச் சிரித்து, குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தெருவுக்கு வந்து கொஞ்ச தூரம் நடந்தபிறகுதான், சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. திரும்பிப் போனாள். அவர் காரில் கிளம்பிவிட்டிருந்தார்.

கடையை அடகு வைப்பதென்று முடிவு செய்து பத்திரத்தைத் தேடி அலமாரியை வாரிப் போட்டுக்கொண்டிருந்தபோது கணவர் சாப்பிட வந்தார். தரையெல்லாம் துணியும் காகிதமுமாக அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன தேடற?"

"கடைப் பத்திரம்."

"எதுக்கு?"

"ஆஸ்பத்திரிக்கு."

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். "உனக்கென்ன பைத்தியமா? ஊர்க் கட்டடத்துக்கு நம்ம சோத்துல மண்ணள்ளிப் போடப் போறியா?"

"மண்ணைத்தான் அள்ளப் போறாங்க" என்றாள் அவள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "பின்னாடி முழுக்கத் தோண்டப் போறாங்க. நம்ம பொண்ணு அங்க கிடக்கா. உங்களுக்குத் தெரியாதா? மெஷினை விட்டு அள்ளி லாரியில கொட்டிடுவாங்க. எங்கயாவது பள்ளம் நிரப்பக் கொண்டு போவாங்க. அவளையும் சேத்துக் கொண்டு போவாங்க."

வழக்கம்போல் அவர் கண் எதையாவது துடைக்கத் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"எந்த இடம்னு மட்டும் சொல்லுங்க" என்றாள் அவள். "நீங்கதானே எடுத்துட்டுப் போனீங்க. அந்த இடத்தை மட்டும் விட்டுடச் சொல்லிக் கேக்கறேன். கால்ல விழுந்தாவது கேக்கறேன்."

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். "எனக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"நான் கடைசி வரைக்கும் போகல. பின்வாசல் வரைக்கும்தான் போனேன். அதுக்கு மேல கால் வரல. ஆயாம்மா கைல குடுத்துட்டு ரோட்டுக்கு வந்துட்டேன். எங்க வச்சாங்கன்னு பாக்கல. அப்புறம் கேக்கவும் பயமா இருந்துச்சு."

அந்த ஆயாம்மா செத்துப் பல வருஷமாகிறது. பட்டன் அக்கா அவரைத் திட்டவில்லை. எழுந்து காகிதங்களை ஒன்றொன்றாக அலமாரியில் திரும்ப வைத்தாள். அவ்வளவு நாளும் மதில் இடிந்த இடத்தில் வண்டியை மெதுவாக விடச் சொல்லிப் பார்த்தது எதை என்று அவளுக்குப் புரியவில்லை.

மாசக் கடைசிக் கூட்டத்துக்கு அவர்கள் இரண்டு பேருமே போனார்கள். அவர் படியருகே நின்றுகொண்டார். உண்டியலை மேசைமேல் வைத்துவிட்டு அவள் சொன்னாள். நீட்டி முழக்கவில்லை. குழந்தை அழாமல் பிறந்தது, பின்பக்கம் வைத்தது, இடம் தெரியாதது. சொல்லி முடிக்கும்வரை அவள் கண் உண்டியலின் பூட்டிலேயே இருந்தது.

இன்ஜினியர் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா."

"எப்படிச் சொல்றது?"

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் நல்ல மனுஷன். அதனால்தான் அடுத்துச் சொன்னது அவ்வளவு கொடுமையாக இருந்தது. "நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு தங்கச்சி. நான் கையெழுத்துப் போடல. ஆனா ஒண்ணு யோசிச்சுக்க. நாம போடலன்னா கட்டடம் மொத்தமும் போகும். அப்புறம் அந்த நிலத்தை நகராட்சி யாருக்குக் குடுத்தாலும் கேக்க நமக்கு உரிமை இல்ல. அப்பவும் தோண்டத்தான் போறாங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் படியருகே நின்ற கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். இத்தனை பேர் நிறைந்த இடத்தில் அவளுக்காகப் பேச ஒருவர்கூட இல்லை என்பதும், யார் மேலும் பழி சொல்லவும் முடியாது என்பதும் அவளுக்கு ஒரே நேரத்தில் தெரிந்தது. வேண்டாம் என்று சொன்னாலும் மகள் போவாள், சரி என்றாலும் போவாள். சரி என்றால் அதை அவளே சொன்னதாக ஆகும்.

"போடுங்க" என்றாள்.

இறங்கும்போது படியில் கால் தடுமாறியது. கணவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவள் உதறவில்லை, சாய்ந்துகொள்ளவுமில்லை.

மழை நின்றதும் தோண்ட ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தம் கடைத்தெரு வரைக்கும் கேட்டது. பட்டன் அக்கா கடையைத் திறந்தாள். கேட்ட நிறத்துக்கு வேறு நிறப் பட்டனை எடுத்துக் கொடுத்தாள். மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தாள். இயந்திரம் உறுமும்போதெல்லாம் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவாள்.

கணவர் பட்டறையைப் பூட்டிவிட்டு எங்கேயோ போய்வருகிறார் என்பதை இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கவனித்தாள். காலில் செம்மண் அப்பியிருந்தது.

"எங்க போறீங்க?"

"அங்கதான்" என்றார். "மண்ணைப் பாக்கறேன்."

பொக்லைன் ஓட்டுகிறவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அந்த ஆளும் பிள்ளைகுட்டிக்காரர். ஒவ்வொரு முறை அள்ளியதையும் லாரியில் கொட்டுவதற்கு முன்னால் ஓரமாகப் பரப்பிக் காட்டியிருக்கிறார். மேஸ்திரி வந்து கத்தினாலும் இவர் நகரவில்லை. குச்சியால் கிளறி, குனிந்து, கையாலும் துழாவிப் பார்த்திருக்கிறார். வாய் பேசாத மனுஷன் அந்த மேஸ்திரியோடு சண்டையே போட்டிருக்கிறார்.

அதிலிருந்து மாலையில் அவர் வரும்வரை அவள் சாப்பிடமாட்டாள்.

"ஏதாவது?"

"மருந்து பாட்டில் கிடைச்சுது. ஓட்டுத்துண்டு. பழைய பேசின் ஒண்ணு. வேற ஒண்ணும் இல்ல."

அடுத்த நாளும் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒன்றும் இல்லை என்ற பதிலைக் கேட்டு நிம்மதிப்படுவதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கிடைத்துவிடுமோ என்று பயந்தாள். கிடைக்காமலே போய்விடுமோ என்றும் பயந்தாள்.

தோண்டி முடிக்கிற அன்று அவளும் போனாள். தகர வேலிக்குப் பின்னால் இருவரும் நின்றார்கள். ஒரு வீடு முழுசாக உள்ளே இறங்கும் அளவுக்குப் பள்ளம். அடியில் தண்ணீர் ஊறி வானத்தைக் காட்டியது. மதில் சுவர் இருந்த தடமே இல்லை. பொக்லைன்காரர் இறங்கிவந்து, குற்றம் செய்தவர்போல், "நான் பாத்த வரைக்கும் எதுவும் இல்லம்மா" என்றார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதன்பிறகு வேலியைப் பிடித்தபடியே மண்ணில் உட்கார்ந்து, இத்தனை வருஷம் அழாததையெல்லாம் அழுதாள். ஜல்லி சுமந்துகொண்டிருந்த பெண்கள் ஏன் என்று கேட்காமல் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கணவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"முடி நிறைய இருந்துச்சு" என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"கறுகறுன்னு. நெத்தி வரைக்கும். மூக்கு உன்னோடது. உதட்டைக் கொஞ்சம் பிதுக்கி வச்சிருந்தா, கோவத்துல தூங்கற மாதிரி. வெள்ளைத் துண்டுல சுத்திக் குடுத்தாங்க. ஒரு கை மட்டும் வெளிய வந்துடுச்சு. உள்ள வச்சேன். மறுபடி வந்துடுச்சு. அதுக்கப்புறம் அப்படியே பிடிச்சுக்கிட்டேன்."

"விரலா?"

"ஆமா. சின்ன விரல்."

அவர் எழுந்து அவளையும் எழுப்பிவிட்டார். முன்கட்டடத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். சிமெண்ட் மூட்டைகளுக்கும் சாரக் கம்புகளுக்கும் நடுவே நீளமான ஒரு நடை இருந்தது. பூச்சு உரித்த சுவர்கள், மேலே வரிசையாக வளைவுகள். மேலே நின்ற கொத்தனார், "தலை பத்திரம்மா" என்றார்.

"இந்த வாசல்லதான் நர்ஸ் என் கைல குடுத்தாங்க" என்றார் கணவர். நடந்தார். அவளும் கூடவே நடந்தாள். "இங்க ஒரு பெஞ்சு இருந்துச்சு. கொஞ்ச நேரம் உக்காந்தேன். யாரோ பையன் பொறந்துருக்கான்னு மிட்டாய் குடுத்தாங்க. வாங்கிப் பையில போட்டுக்கிட்டேன். என்ன பண்றதுன்னு தெரியல." மறுபடி நடந்தார். கடைசி வளைவுக்குக் கீழே வந்து நின்றார். அதற்கு அப்பால் இப்போது தகரமும் பள்ளமும்தான். "இது வரைக்கும்."

அவள் அந்த இடத்தில் நின்றாள். திரும்பி, வந்த வழியைப் பார்த்தாள். பிறகு தனியாக முதல் வாசல் வரைக்கும் போய், அங்கிருந்து மெதுவாக மறுபடி நடந்துவந்தாள். கொத்தனார் சாந்துச் சட்டியை இறக்காமல் அவள் கடந்துபோகும்வரை காத்திருந்தார்.

கட்டடம் அடுத்த வருஷம் நூலகமாகத் திறந்தது. திறப்பு விழாவில் மருந்துக்கடைக்காரர் பட்டன் அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார். அவள் வரவில்லை, கடையில் வேலையிருக்கிறது என்று சொல்லியனுப்பிவிட்டாள். பின்னால் எழுந்த கடைகளில் ஒன்றில் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு பெரிய பட்டன் கடை வந்தது. அவள் வியாபாரம் பாதியாகக் குறைந்தது. சில மத்தியானங்களில் கடையைச் சாத்திவிட்டு நூலகத்துக்குப் போவாள். புத்தகம் எதுவும் எடுக்கமாட்டாள். நடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை நடந்துவிட்டு வருவாள். சில நாள் கணவரும் கூட வருவார். அப்போது இருவரும் பேசிக்கொள்வார்கள். மற்ற நாட்களில் அவள் தனியாகத்தான் நடப்பாள், வலது கையைக் கொஞ்சம் மடக்கி, எதையோ பிடித்திருப்பதுபோல.